அதே இடத்தில் மறுபடியும்!

உடம்பில் ஒரு மச்சம் இருந்தால் அதற்குப் பலன் பார்ப்பதில் நமக்கெல்லாம் தனி உற்சாகம். ஆனால் நேற்று வரை இல்லாத ஒரு வட்டம், ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில், இன்று காலையில் உதட்டோரத்திலோ புறங்கையிலோ செக்கச் செவேலென்று முளைக்கிறது. இரண்டு வாரத்தில் சிவப்பு மறைந்து நாவல்பழக் கறை போல் கறுக்கிறது. ஐந்தாறு மாதம் கழித்து, அந்தக் கறுப்பின் மேலேயே மறுபடியும் சிவந்து எரிகிறது. இதற்குப் பலன் பார்க்கப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பயனில்லை, சகோதரிகளே. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் மருந்து டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும்.

இந்த வாரம் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பற்றித்தான் உங்களுடன் பேசப் போகிறேன். ஏதோ அழகுக் குறிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அழகோடு போனால் பரவாயில்லையே! அது என்னவென்று தெரியாமல் விட்டுவிட்டால் சில சமயம் உயிருக்கே ஆபத்து வரலாம். இன்னும் சில சமயம் ஒரு குடும்பத்தின் நிம்மதியையே அது குலைத்துவிடும்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்வோம். திருச்சி தில்லை நகர் என்றே வைத்துக் கொள்ளுங்கள். கல்யாண விருந்து சாப்பிட்டு வந்த மருமகளுக்கு வயிற்றுப் போக்கு. கணவன் தெருமுனை மருந்துக் கடைக்கு ஓடி, "வயிறு சரியில்லை, ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு நாலு மாத்திரை வாங்கி வருகிறான். வயிறு நின்றுவிட்டது. ஆனால் பத்து நாளில் மேலுதட்டில் ஒரு சிவப்பு வட்டம்.

"என்னம்மா இது? ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சிருக்கு போல" என்கிறாள் மாமியார்.

"தெரியலை அத்தை. ஒரே எரிச்சலா இருக்கு."

மஞ்சள் பூசினார்கள், தேங்காயெண்ணெய் தடவினார்கள். எரிச்சல் அடங்கியது. கறுப்பு மட்டும் நின்றுவிட்டது. அடுத்த தை மாதம் இன்னொரு கல்யாணம், இன்னொரு விருந்து, அதே மாத்திரை. இந்தத் தடவை பத்து நாள் காத்திருக்கவில்லை. மத்தியானம் விழுங்கினாள். விளக்கேற்றுவதற்குள் உதட்டில் அதே இடம் எரிய ஆரம்பித்துவிட்டது. கூடவே முழங்கைக்குக் கீழே புதிதாக ஒன்று.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு உற்றுப் பார்த்தாள். "போன தடவையும் இதே இடத்துலதானேம்மா வந்தது? பூச்சிக்கு எங்கே இவ்வளவு ஞாபகம்?" என்றாள்.

அந்த அம்மாள் எந்த வைத்தியக் கல்லூரியிலும் படித்ததில்லை. ஆனால் தோல் வைத்தியர் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டுவிட்டாள். பூச்சி நினைத்த இடத்தில் கடிக்கும். வேர்க்குரு வேர்த்த இடத்தில் எல்லாம் வரும். அளவெடுத்தாற்போல் அதே இடத்தில், அதே வட்டத்தில் திரும்பத் திரும்ப வருவது வேறொன்று. அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் 'பிக்ஸட் டிரக் எரப்ஷன்' என்று பெயர். நம் பாஷையில் 'நிலைத்த மருந்துப் புண்' என்று சொல்லிக் கொள்ளலாம்.

இது இன்று நேற்று ஏற்பட்ட தொல்லை அல்ல. 1884-ம் வருஷ வாக்கில் ஜெர்மனியில் ஆன்டிபைரின் என்ற காய்ச்சல் மருந்து விற்பனைக்கு வந்தது. ஐரோப்பா முழுவதும் அதை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். சிலருக்கு மட்டும் சாப்பிடும்போதெல்லாம் ஒரே இடத்தில் சிவந்து, பிறகு கறுத்தது. 1894-ல் பாரிஸ் நகரத்துத் தோல் வைத்தியர் லூயி புரோக் என்பவர் இதைக் கவனித்து எழுதி, 'நிலைத்த' என்ற அடைமொழியையும் சூட்டினார். நூற்று முப்பது வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பெயரே வழங்குகிறது. ஆன்டிபைரின் மாத்திரை இன்று அநேகமாக வழக்கொழிந்து போய்விட்டது. வேறு மாத்திரைகள் அதன் இடத்துக்கு வந்துவிட்டன.

"மருந்து வயிற்றுக்குள் போகிறது, ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் ஓடுகிறது. அப்படியிருக்க உதட்டில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏன் பொங்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நம் உடம்பில் நோய்க் கிருமிகளோடு சண்டை போடுவதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றில் 'டி செல்' என்பது ஒரு ஜாதி. ஒரு தடவை பார்த்த எதிரியை அது மறப்பதில்லை. சண்டை முடிந்த பிறகு சில டி செல்கள் அந்த இடத்திலேயே, தோலின் மேல் அடுக்கிலேயே, கூர்க்காவைப் போல் நிரந்தரமாகக் குடியேறிவிடுகின்றன. இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு அந்தக் கூர்க்கா ஒரு தவறு செய்கிறான். மருந்தைத் திருடன் என்று நினைத்துக் கொள்கிறான். மாதக் கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பவன், அந்த மருந்து ரத்தத்தில் வந்தது தெரிந்ததும் தடியைத் தூக்கிக் கொண்டு எழுகிறான். அடி விழுவது திருடன் மேல் அல்ல, நம் சொந்தத் தோலின் மேல்! அவன் குடியிருக்கும் இடத்தில் மட்டும் அமர்க்களம் நடக்கிறது. ஓர் அங்குலம் தள்ளி இருக்கும் தோலுக்கு ஒன்றுமே தெரியாது.

அமர்க்களத்தில் தோலின் நிறப்பொருள் சிதறிக் கீழ் அடுக்கில் இறங்கிவிடுகிறது. பட்டுப் புடவையில் கொட்டிய மை, மடிப்பின் உள்ளே இறங்கினால் எப்படி இருக்கும்? மேலே எத்தனை தேய்த்தாலும் போகாது அல்லவா? அந்தக் கதைதான். மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில் கூட அந்தக் கறுப்பு நிற்கும். இது தெரியாமல், 'மங்கு' என்று நினைத்துச் சிவப்பழகுக் களிம்பு பூசுகிறவர்கள் பலர். களிம்பில் செலவழியும் பணம் போகட்டும். மருந்தை நிறுத்தாமல் களிம்பை மாற்றிக் கொண்டே இருந்தால், கறுப்பு ஒவ்வொரு தடவையும் இன்னும் அழுத்தமாகப் படிந்து கொண்டே போகும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பொதுவாக ஒரு பொருள் ஒத்துக் கொள்ளவில்லையா என்று பார்க்க, அதை முதுகில் ஒட்டிச் சோதிப்பது தோல் வைத்தியர்களின் வழக்கம். நிலைத்த மருந்துப் புண்ணில் முதுகில் ஒட்டினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பழைய கறுப்பு வட்டத்தின் மேலேயே ஒட்டினால்தான் பல சமயம் குட்டு வெளிப்படும். ஞாபகம் அந்த இடத்துத் தோலில்தானே இருக்கிறது!

சரி, இப்படிச் செய்யும் மருந்துகள் எவை? பெயர்களைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் வீட்டில் அடிக்கடி புழங்குபவைதான். வயிற்றுப் போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், டினிடசோல், ஆர்னிடசோல், அவற்றோடு சேர்ந்து வரும் நார்ஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், கோ-டிரைமாக்சசோல் என்ற சல்பா மருந்து, டாக்சிசைக்ளின், படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், வலிக்கு விழுங்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன், மாத விலக்கு நாளில் பெண்கள் தேடும் மெஃபெனாமிக் அமிலம். சாதுவான பாரசிட்டமால் கூட இந்த வரிசைக்கு முற்றிலும் விலக்கல்ல. ஒரு காலத்தில் மேல்நாடுகளில் சாக்லெட் போலவே செய்து விற்ற பேதி மருந்தில் பினால்ப்தலின் என்ற சரக்கு இருந்தது. அதுவும் இந்தப் புண்ணுக்குப் பேர் போனது.

பட்டியலைப் படித்துவிட்டு மாத்திரை டப்பாவைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள்! இந்த மருந்துகளைச் சாப்பிடும் அநேகம் பேருக்கு ஒரு தொல்லையும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. "பத்து வருஷமாகச் சாப்பிடுகிறேனே, இப்போதா ஒத்துக் கொள்ளாமல் போகும்?" என்ற வாதம் மட்டும் செல்லாது. பத்து வருஷம் ஒத்துக் கொண்ட மருந்து பதினோராவது வருஷம் முரண்டு பிடிக்கலாம். முதல் தடவை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் புண் தெரியும். அடுத்த தடவைகளில் அரை மணியிலிருந்து எட்டு மணிக்குள் வந்துவிடும். சிலருக்கு ஓரிரு நாள் ஆகலாம்.

இனி, நம் ஊர் மருந்துக் கடைச் சமாசாரத்துக்கு வருவோம். "நாலு மாத்திரை போதும்" என்கிறோம். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து அட்டையை நறுக்கிக் கொடுக்கிறார். பெயர் ஒரு துண்டில், தேதி ஒரு துண்டில், நம் கைக்கு வருவது வெறும் வெள்ளித் தகடு! பிறகு டாக்டர், "என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கும்போது, "மஞ்சளாக, நீள உருண்டையாக இருந்தது" என்கிறோம். மஞ்சளாக, நீள உருண்டையாக உலகத்தில் எத்தனை மாத்திரை!

பெயர் தெரிந்தாலும் போதாது. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பலப்பல பெயர்களில் விற்கின்றன. 'அந்த மாத்திரைதான் ஒத்துக் கொள்ளவில்லை, இது வேறு' என்று நம்பி விழுங்குவோம். உள்ளே இருப்பதோ அதே சரக்கு. ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகையால் அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வியாபாரப் பெயரை விட, சின்ன எழுத்தில் இருக்கும் மூல மருந்தின் பெயர்தான் முக்கியம். பெயர் வேறாக இருந்தாலும் ஒரே குடும்பத்து மருந்துகள் சில சமயம் ஒரே மாதிரி வேலை செய்யும் என்பதையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். டினிடசோல் ஆகாதவருக்கு அதன் சகோதரனான ஆர்னிடசோலும் ஆகாமல் போகலாம்.

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனாலும் இதைச் சொல்லாமல் விடுவது உங்களுக்கு நான் செய்யும் துரோகம். இந்தப் புண் உதடு, கை, கால், முதுகு இவற்றில் மட்டும் வருவதில்லை. வெளியே காட்டக் கூசும் மர்ம ஸ்தானங்களிலும் வரும். முக்கியமாக ஆண்களுக்கு அங்கே வருவது சகஜம். பல்வலிக்கோ காய்ச்சலுக்கோ மாத்திரை சாப்பிட்ட மனிதருக்கு மறுநாள் அங்கே புண். அவர் பயந்து போய் மறைக்கிறார். மனைவி எப்படியோ தெரிந்து கொள்கிறாள். 'வெளியூர் போனாரே, எங்கே போனாரோ?' என்று மனத்தில் ஒரு முள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே புண். முள் ஈட்டியாகிவிடுகிறது. பெண்ணுக்கு வந்தாலோ கேட்கவே வேண்டாம். வாய் திறந்து சொல்லவும் முடியாமல், வைத்தியரிடம் காட்டவும் முடியாமல், ஒரு பாவமும் அறியாதவள் குற்றவாளியைப் போல் குறுகிப் போகிறாள்.

அந்த இடத்தில் வரும் புண்ணெல்லாம் மாத்திரையால் வருவதுதான் என்று நான் சாதிக்கவில்லை. தொற்று நோய்களும் உண்டு, அவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. எதுவென்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். நம் சந்தேகம் அந்த வேலையைச் செய்யக் கூடாது. சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இரண்டு நாளைக்குள் ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா? போன தடவை வந்தபோதும் சாப்பிட்டிருந்தீர்களா?" இரண்டுக்கும் பதில் 'ஆமாம்' என்று வந்தால், கண்ணீர் விடுவதற்கு முன் இருவருமாகச் சேர்ந்து டாக்டரிடம் போய் அதைச் சொல்லுங்கள்.

உதட்டில் வருவதிலும் ஒரு குழப்பம் உண்டு. காய்ச்சலோடு உதட்டோரத்தில் வரும் ஹெர்பிஸ் கொப்புளமும் திரும்பத் திரும்ப ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வரும். ஆனால் அது வருவதற்கு முன் சுருக் சுருக்கென்று குத்தும். கடுகு கடுகாகச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும். பொருக்குத் தட்டி, பெரும்பாலும் கறுப்பு வைக்காமல் ஆறிவிடும். மருந்துப் புண்ணோ வட்டமாக, கருஞ்சிவப்பாக, சில சமயம் நடுவில் ஒரே பெரிய கொப்புளத்தோடு வந்து, கறுப்பை நிறுத்திவிட்டுப் போகும். காய்ச்சலால் வந்ததா, காய்ச்சலுக்குச் சாப்பிட்ட மாத்திரையால் வந்ததா என்று வைத்தியருக்கே சில சமயம் சந்தேகம் வரும். நீங்கள் சொல்லும் மணிக்கணக்குதான் அவருக்குத் துணை.

"மாத்திரைதானா என்று இன்னொரு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டால் போகிறது!" என்று சிலர் துணிந்து இறங்குவார்கள். தயவு செய்து வேண்டாம். இதில் இரண்டு கெடுதல் உண்டு. ஒரு தடவை பொங்கி அடங்கிய பிறகு, அந்த இடம் சில வாரங்களுக்கு, சில சமயம் மாதங்களுக்கு, மந்தமாக இருப்பது உண்டு. அந்தச் சமயத்தில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. 'மாத்திரை நிரபராதி' என்று தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். அப்புறம் ஒரு நாள் அது தன் வேலையைக் காட்டும். இது முதல் கெடுதல்.

இரண்டாவது இன்னும் பெரியது. ஒவ்வொரு தடவையும் வட்டம் பெரிதாகலாம். ஒன்று மூன்றாகலாம், மூன்று முப்பதாகலாம். சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, உடம்பெல்லாம் கொப்புளித்துத் தீக்காயம் போல் தோல் உரிகிற நிலைமைக்குப் போய்விடுவதும் உண்டு. அப்போது ஆஸ்பத்திரியில் தங்கித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். ஆகவே பல இடங்களில் கொப்புளம், வாய்க்குள் புண், கண் சிவந்து எரிதல், காய்ச்சல், தோல் வழன்று வருதல் இவற்றில் எது தெரிந்தாலும் நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். நடுநிசியானாலும் புறப்படுங்கள். மூச்சுத் திணறலோ முகம் வீங்குதலோ வந்தாலும் அப்படியே. அது வேறு வகை ஒவ்வாமை. அவசரம் மட்டும் ஒன்றுதான்.

சாதாரணமாக வரும் ஒன்றிரண்டு வட்டங்களுக்கு வைத்தியம் மிகவும் சுலபம். குற்றவாளியான மருந்தை நிறுத்திவிட்டால் புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். எரிச்சலுக்கும் அரிப்புக்கும் டாக்டர் ஏதாவது களிம்போ மாத்திரையோ கொடுப்பார். ஆனால் ஒரு எச்சரிக்கை: வலிப்பு, காசம், இருதயம் இவற்றுக்காகத் தொடர்ந்து சாப்பிடும் மருந்து என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பார்த்து மாற்று மருந்து கேளுங்கள். நிறுத்துவதும் மாற்றுவதும் அவர் பொறுப்பு.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பால் கணக்கு எழுதுகிறோம், சலவைக் கணக்கு எழுதுகிறோம். மருந்துக் கணக்குக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். யாருக்கு, எந்தத் தேதி, என்ன மருந்து என்று எழுதினால் போதும். புண் வந்தால், மாத்திரை விழுங்கிய நேரத்தையும் புண் எரிய ஆரம்பித்த நேரத்தையும் குறியுங்கள். மாத்திரை வாங்கும்போது பெயர் உள்ள துண்டாகவே கேட்டு வாங்குங்கள், அல்லது பில் கேளுங்கள். கையில்தான் செல்போன் இருக்கிறதே! அட்டையை ஒரு படம், புண் சிவந்திருக்கும்போதே அதை ஒரு படம் எடுத்து வையுங்கள். நீங்கள் டாக்டரிடம் போவதற்குள் சிவப்பு மறைந்துவிடலாம். படம் மறையாது.

'இயற்கை மருந்துதானே' என்று லேகியத்தையும் பொடியையும் கணக்கில் விட்டுவிடாதீர்கள். பெயர் தெரியாத பொடிகளில் வலி மாத்திரையைக் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கும் இந்தப் புண் வரும் என்பதால் அவர்கள் குடிக்கும் சிரப்பின் பெயரும் கணக்கில் ஏறட்டும்.

மருந்துகளின் பக்க விளைவுகளைக் கேட்டறிந்து ஒன்று சேர்க்க நம் அரசாங்கமே 2010-ல் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதைக் கவனிக்கிறது. 1800-180-3024 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் கூப்பிட்டு, சாதாரண ஜனங்களாகிய நாமே தெரிவிக்கலாம். உங்கள் உதட்டில் வந்த ஒரு வட்டம் அங்கே ஒரு குறிப்பாக ஏறினால், எங்கோ இருக்கும் இன்னொரு வீட்டுக்கு அது உபயோகப்படும்.

கடைசியாக, குற்றவாளி மருந்து இன்னதென்று டாக்டர் உறுதி செய்துவிட்டால், அதன் மூலப் பெயரை ஒரு சின்ன அட்டையில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, 'இந்த மருந்து எனக்கு ஆகாது' என்று குறித்துப் பணப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் இன்னும் இரண்டு பேருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். நாம் மயங்கிக் கிடக்கும்போது நமக்காகப் பேச வேண்டியவர்கள் அவர்கள்தானே! அப்புறம் பல் டாக்டரானாலும் சரி, பிரசவ டாக்டரானாலும் சரி, அவர் பேனாவைத் திறப்பதற்குள் அந்த அட்டையை மேஜை மேல் வைத்துவிடுங்கள்.